மனைநந்தவனமும் மலநீக்கமும்



கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயிலின் வடபால், உமையம்மையோடு வீற்றிருக்கும் பெருமான் சண்டேசுரர் திருமுடியில் மாலை சூட்டியருளும் திருவுருவைக் கண்டு உருகாதார் யார்? மண்ணியாற்றங்கரையில் ஆத்திமலரைத் தாமே கொய்து சாத்திய கைகளுக்குக் கிடைத்த பேறு அது.

நூலுணர்ந்தார் சிலர், “நந்தவனம் வைத்தல் சரியை, ஞானம் நாடும் நமக்கு அஃது எற்றுக்கு?” என்பர். தாயுமானவர் சரியை முதலிய நான்கினையும் அரும்பு, மலர், காய், கனிகளோடு உவமித்தார். அரும்பைக் கிள்ளியெறிந்தவன் கனியை எங்ஙனம் பெறுவன்?

ஆதலின் இல்லந்தோறும் பூஞ்செடி வளர்த்தல் வேண்டும். நந்தியாவட்டையும் அலரியும் போத்து நட்டாலே வேர்கொள்ளும். அலரியின் பாலும் இலையும் நஞ்சாகலின், குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாவிடத்தில் நடுக. பெரம்பலூர்க் கரிசல் நீரைத் தேக்குமாதலின், மல்லிகைக்கு மேடுகட்டி, மணலும் தொழுவுரமுங் கலந்து, வெயில்படுமிடத்தில் வைக்க. மார்கழி, தையிற் கவாத்துச் செய்தால் பங்குனி முதல் அரும்பு கட்டும்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் மல்லிகையின் இளந்தளிர் மஞ்சளித்து, நரம்பு மாத்திரம் பசுமையாய் நிற்பதுண்டு. மண்ணில் இரும்புச்சத்து இல்லையோவெனின், உண்டு. சுண்ணம் கட்டுதலால் அது வேருக்கு எய்தாது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைமேற் றெளித்துவரின் பசுமை மீளும்.

இதனுட் சித்தாந்தம் காண்க. இறைவன் உயிரோடு பிரிவற நின்றும், ஆணவத்தாற் றடையுண்ட உயிர் அவனை அறிந்து நுகரமாட்டாது வாடுகின்றது. மருந்து தெளித்தபின்னும் மண்ணிற் சுண்ணம் அழிந்திலது. அதன் தடையே செல்லாதாயிற்று. அங்ஙனமே திருவருள் பதிந்தவழி மலம் அழிவதன்று, அதன் சத்தியே மடங்குகின்றது. இவ்வுவமை ஒருபுடை ஒப்புமையென்க. செடிக்கு மருந்து புறத்தினின்று வருவது. உயிர்க்கு அருள் உள்நின்றே வெளிப்படுவது.

நூலில் ஆயிரமுறை ஓதிய இவ்வுண்மை, வெளிறிய ஒரு தளிரின்முன் நீர்ச்செம்புடன் நிற்பான் உள்ளத்திற் பதியுமாறு பிறிதோரிடத்துப் பதிவதன்று. அவன் எறும்புக்கும் ஊறுசெய்ய அஞ்சுவான். அரும்பு விரியுங்காறும் பொறுப்பான். வாடுவது கண்டு இரங்குவான். கொல்லாமை, பொறுமை, இரக்கம், அன்பு முதலிய அகப்பூ எட்டும் அவனறியாமலே அவனுட் பூக்கும். புறப்பூ வைகறையிற் பெருமான் திருவடி சேரும். அகப்பூ என்றும் வாடாது.

ஆகவே, வீட்டிற்கு ஒரு செடியேனும் இம்மாதமே நட்டு உய்வீர்களாக.

திருச்சிற்றம்பலம்.