கட்டியவர் யார்?

அழகிய பொருள் ஒன்றைக் கண்டு மகிழும்போது, 'இதை அமைத்தவர் யார்?' என்று கேட்பது மனித இயல்பு. அக்கேள்விக்கு விடை தேடுவது வெறும் ஆவலா, அல்லது நாம் செலுத்தியே தீர வேண்டிய கடனா? உண்மையான விடை கிடைக்காதபோது, நம் உள்ளத்துக்கு இனிய விடை ஒன்றை நாமே எழுதி வைத்துக்கொள்வது குற்றமாகுமா? இவ்வினாக்களை நம்மேல் சுமத்தியது நாமே செய்த ஒரு பிழைதான். ஆகவே அதனை முதலில் ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குவோம்.

காஞ்சிபுரம் வட்டாரத்துப் பங்கு ஒன்றின் நூற்றாண்டு விழா மலரைத் தொகுக்கும் பணி, பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆலய வரலாற்றை எழுதுகையில், அதன் உயர்ந்த முகப்பையும் வளைந்த வாயில்களையும் தம் கையாலேயே வரைந்து அமைத்தவர் அக்காலத்துப் பங்குத்தந்தை ஒருவரே என்று எழுதினோம். அவர் நல்லவர், மக்கள் அவரை இன்றும் போற்றுகிறார்கள். நாம் கேள்விப்பட்டிருந்த கதையும் அதுவே. மலர் வெளிவந்தது; எல்லாரும் பாராட்டினார்கள்.

ஒருவர் மட்டும் பாராட்டவில்லை. பட்டுத்தறியில் அமர்ந்து முதுகு வளைந்துபோன முதியவர் அவர். மலர் வெளிவந்த மறுவாரம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்தார். "ஐயா, எங்கள் பாட்டனார்தான் இந்தக் கோயிலுக்கு மேஸ்திரி. சுண்ணாம்புப் பொடியால் தரையிலேயே கோடு போட்டு அளவு காட்டினார் என்று எங்கள் அப்பா சொல்வார். நான் நெய்கிற சேலையில் கடைக்காரர் பெயர் இருக்கும், என் பெயர் இருக்காது. அது எனக்குப் பழகிவிட்டது. பாட்டனார் பெயரையாவது எழுதியிருக்கலாமே" என்றார். "சான்று ஏதும் இல்லையே, பெரியவரே" என்று நாம் சொன்னோம். நாம் எழுதிய கதைக்கும் சான்று இல்லை என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

சில ஆண்டுகள் சென்று, பங்கு இல்லத்துப் பழைய மர அலமாரியைத் துப்புரவு செய்தபோது, கறையான் ஓரம் அரித்த செலவுக் கணக்கேடு ஒன்று கிடைத்தது. அதில், 'நிலை வைத்ததற்கு மேஸ்திரிக்கு வேட்டி, துண்டு' என்று ஒரு வரி தேதியுடன் இருந்தது. திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டோம். நாம் போற்றி எழுதிய குருவானவரின் முதல் கையெழுத்து, அந்தத் தேதிக்கு ஏழு மாதங்கள் கழித்தே காணப்படுகிறது. வாயில் நிலை வைத்தபோது அவர் அந்தப் பங்கிற்கே வரவில்லை! நம் கதை அந்த நொடியிலேயே சரிந்துவிட்டது. ஆனால் ஏட்டில் மேஸ்திரியின் பெயரும் இல்லை. 'மேஸ்திரி' என்ற சொல் மட்டுமே இருந்தது.

இத்தகைய நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். கோல்ஃப் என்னும் ஆட்டத்தின் திடல்களை அமைத்த வரலாற்றைச் சிலர் பழைய ஆவணங்களில் தோண்டித் தேடுகிறார்கள். மேடும் பள்ளமும் மணற்குழியும் எங்கெங்கே அமைய வேண்டும் என்று நிலத்தின் போக்கறிந்து வகுப்பது அங்கே ஒரு தனிக்கலை. தொடக்கத்தில் அக்கலைக்கு ஆசிரியர் என்று எவரும் இல்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலைக் கடற்காற்றும் மேய்ந்த ஆடுகளும் தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களும் சேர்ந்தே உருவாக்கினர் என்பர். 1764-ஆம் ஆண்டில் அங்கே 22 குழிகளாக இருந்த ஆட்டச் சுற்று 18 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வாட்டம் 1829-இல் கல்கத்தாவுக்கும், 1895-இல் நம் கொடைக்கானலுக்கும் சங்கம் அமைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரை அடுத்து மெரியன் என்றொரு புகழ்பெற்ற சங்கம் உண்டு. அதன் கிழக்குத் திடல் 1912-இல் திறக்கப்பட்டது. ஹியூ வில்சன் என்பவர் 1910-இல் கடல் கடந்து சென்று, பிரிட்டனின் திடல்களை ஏழு மாதம் ஆராய்ந்து, குறிப்புகளோடு திரும்பி வந்து அதனை அமைத்தார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கதை. ஆய்வாளர்கள் கப்பல்களின் பயணிகள் பட்டியலைப் புரட்டினார்கள். வில்சனின் ஆய்வுப் பயணம் 1912-இல் நிகழ்ந்ததாக அப்பட்டியல் காட்டியது. திடலின் அமைப்போ 1911-லேயே முடிவாகிவிட்டது. சார்லஸ் மக்டொனால்டு என்ற மற்றொருவர் அப்போது வழங்கிய ஆலோசனை பற்றிய சங்கத்துப் பதிவுகளும் வெளிப்பட்டன. எவருக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளரிடையே பெரும் வழக்கே மூண்டது. வில்சனின் உழைப்பு பொய்யாகிவிடவில்லை. அப்பணிக்கான குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஆனால் அவரைச் சுற்றிப் பின்னப்பட்ட கதை கலைந்தது. ஒரு கப்பல் பட்டியலும், நம் பங்கின் ஒரு கணக்கேட்டு வரியும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

'விளையாட்டுத் திடலுக்கு இத்தனை வழக்கா?' என்று வாசகர் நகைக்கலாம். நாமும் முதலில் நகைத்தோம். பின்னர் அதே கேள்வியை நெஞ்சில் ஏந்திக்கொண்டு காஞ்சி மாநகரின் தெருக்களில் நடந்தபோது நகைப்பு அடங்கிவிட்டது.

கைலாசநாதர் கோயிலைக் காணுங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கற்றளி அது. திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிறு கோயில்களில் அம்மன்னனின் பட்டப்பெயர்கள் 200-க்கும் மேல் பொறிக்கப்பட்டுள்ளன. 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் படித்து, 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சேற்றினார். ஆணையிட்டவனுக்கு இருநூறு பெயர்கள்! உளி பிடித்தவனுக்கு அங்கே ஒன்றேனும் உண்டோ என்று தேடிய கண்கள் ஏமாந்து திரும்புகின்றன.

வியப்பு என்னவெனில், ஒரு தச்சாசிரியனின் பெயரை நமக்குச் சொல்வது காஞ்சியை வென்ற பகைவரின் நாடு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியபோதும் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கவராமல் கோயிலுக்கே விட்டுச் சென்றான். அச்செய்தியை அக்கோயில் தூணில் கன்னடத்தில் எழுதியும் வைத்தான். அவ்வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் ஒரு கோயில் எடுப்பித்தாள். அக்கோயிலைச் செய்தவன் குண்டன் என்னும் அனிவாரிதாசாரி என்றும், அவனுக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டம் அளிக்கப்பட்டது என்றும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதே கோயிலில் சர்வசித்தி ஆசாரி என்ற பெயரும், தென்திசைச் சூத்திரதாரி என்ற புகழ்மொழியும் காணப்படுகின்றன. சூத்திரதாரி என்றால் அளவுநூலைக் கையில் ஏந்தியவன் என்பது பொருள்.

இங்கேதான் சோதனை நம்மை நெருங்குகிறது. 'தென்திசை' என்றால் அது நம் காஞ்சிதான், அவன் நம் ஊர்ச் சிற்பியேதான் என்று எழுதிவிட நம் பேனா துடிக்கிறது. இரு கோயில்களின் சாயலும் அந்த ஆசைக்கு எண்ணெய் வார்க்கிறது. ஆனால் கல்வெட்டு 'காஞ்சி' என்று சொல்லவில்லை. கல் சொல்லாததைக் கல் சொன்னதாக எழுதினால், அது விழா மலரில் நாம் செய்த அதே பிழையாகும். 'அவ்வாறு இருக்கலாம்' என்று எழுத நமக்கு உரிமை உண்டு. 'அவ்வாறே இருந்தது' என்று எழுத உரிமை இல்லை. இவ்விரண்டு சொற்றொடர்களுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நேர்மை குடியிருக்கிறது.

பெயர்களைப் போற்றிய பதிவுகளும் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயரை நமக்குக் காத்துத் தருகிறது. கோயிலில் பணிபுரிந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும், அவரவர் குடியிருந்த வீட்டின் இடத்தையும்கூடச் சொல்கிறது. காஞ்சி நெசவாளரும் ஆவணத்தில் இடம் பெற்றவர்களே. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. ஊரகம் என்னும் உலகளந்த பெருமாள் கோயிலின் அலுவல்களைக் கண்காணிக்கும் பொறுப்பு, கம்புளான்பாடி, அதிமானப்பாடி ஆகிய நெசவாளர் குடியிருப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. கோயில் பொருளை நம்பி ஒப்படைக்கத் தக்கவர்கள் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மதிக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆயினும் சேலைக்கரையில் மயில்கண்ணையும் ருத்திராட்சத்தையும் கோபுரத்தையும் முதலில் எண்ணிக் கண்டவர் எவர்? அதற்கு ஏடும் இல்லை, கல்லும் இல்லை.

ஒரு பெயர் கிடைத்துவிட்டால் மட்டும் கடன் தீர்ந்துவிடுமா? கோர்வைச் சேலை நெய்யும் வீட்டிற்குள் சென்று பார்த்தோர் அறிவர். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாக, மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் அமர்ந்தவர் ஒருவர். மறுபக்கம் நாடாவை வாங்கித் தள்ளித் துணை செய்பவர் மற்றொருவர். நூல் சுற்றுவது வீட்டுப் பெண்கள். தெருவில் பாவு நீட்டுகையில் கை கொடுப்பது அண்டை அயலார். சங்கத்துப் பாஸ் புத்தகத்தில் இருப்பதோ ஒரே ஒரு பெயர். நம் பங்கின் கணக்கேட்டை மீண்டும் புரட்டியபோது, 'சித்தாள் பெண்கள் 6' என்று நாள்தோறும் எழுதியிருப்பதைக் கண்டோம். மேஸ்திரிக்கு ஒரு சொல்லாவது கிடைத்தது. மணல் சுமந்த இந்தப் பெண்களுக்கு ஓர் எண்ணிக்கை மட்டுமே கிடைத்தது.

'இறைவன் எல்லார் பெயரையும் அறிவார். மனிதர் ஏட்டில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பெயர் வேண்டாமென்பதுதானே தாழ்ச்சி?' என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதிட்டார். அழகிய வாதம். ஆனால் தாழ்ச்சி என்பது ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. தம் பெயரை மறைத்துக்கொள்பவர் புண்ணியம் செய்கிறார். பிறர் பெயரை மறைப்பவர் அப்புண்ணியத்தில் பங்கு கேட்க முடியாது. இறைவன் அறிவார் என்பது விடுபட்டுப் போனவருக்கு ஆறுதல். விட்டுவிட்ட நமக்கு அது சாக்குப்போக்கு ஆகலாகாது. பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளை, இறந்தவர்களைப் பற்றிய சான்றுக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். உயிரோடிருப்பவர் எழுந்து மறுக்கலாம். இறந்தவர் என்ன செய்வார்?

ஆகவே, பழையதை எழுதப் புகும் எவர்க்கும் இரண்டு கடமைகள் உண்டு எனத் துணிகிறோம். ஏடு மறுக்கும் கதையை, அது எவ்வளவு இனியதாயினும் கைவிடுவது முதற்கடமை. ஏடு சொல்லாத இடத்தை, நம் இரக்கத்தினாலும்கூட நிரப்பாமல் இருப்பது இரண்டாவது. இரண்டாவதுதான் கடினம். முதியவர் சொன்ன பாட்டனார் பெயரை அப்படியே எழுதி நம் குற்ற உணர்வைத் தீர்த்துக்கொள்ள நாம் விரும்பினோம். ஆனால் ஒரு பொய்யை அகற்றிய இடத்தில், சான்றில்லாத மற்றொன்றை உண்மையெனப் பதிப்பது அந்தப் பாட்டனாருக்கும் பெருமை ஆகாது.

பின்னர் வந்த சிறு வெளியீடு ஒன்றில் வரலாற்றைத் திருத்தி எழுதினோம். நிலை வைத்தபோது அக்குருவானவர் பங்கில் இல்லை என்பதை ஏட்டின் துணையோடு சொன்னோம். அவர் உண்மையில் செய்த பிற பணிகளை நன்றியோடு குறித்தோம். மேஸ்திரி ஒருவர் இருந்தார், நிலை வைத்த அன்று அவருக்கு வேட்டியும் துண்டும் அளிக்கப்பட்டன, அவர் தம் பாட்டனாரே என்று ஒரு குடும்பம் வழிவழியாகச் சொல்லி வருகிறது என்று எழுதி, அப்பெயரையும் அக்குடும்பத்தார் சொல்லாகவே பதித்தோம். சித்தாள் பெண்கள் அறுவர். பெயர்கள் ஏட்டில் இல்லை என்று ஒரு வரி சேர்த்தோம்.

அதனைப் படிக்க அம்முதியவர் உயிரோடு இல்லை. அவர் மகனிடம் ஒரு படி கொடுத்தோம். அவர் நின்றபடியே படித்தார். பிறகு, "இந்த ஆறு பேரில் எங்கள் பாட்டியும் இருந்திருப்பாரோ, ஐயா?" என்று கேட்டார். "இருந்திருக்கலாம்" என்றோம். அதற்கு மேல் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

திருமணப் பதிவேடுகளை வைத்திருக்குமாறு திரிதெந்து சங்கம் 1563-இல் பங்குக் குருக்களைப் பணித்தது. அரசர் பெயரையன்றி மற்றோர் பெயரைப் பொறிக்க எவரும் எண்ணாத ஊர்களிலும், உழுபவர், நெய்பவர், மண் சுமப்பவர் பெயர்கள் அப்பதிவேடுகளால் காக்கப்பட்டன. உங்கள் பங்கிலும் ஓர் அலமாரி இருக்கும். அதனுள் ஏடுகளும், ஏடுகளுக்குள் கறையானும் இருக்கும். அடுத்த விழா மலருக்காக நன்கொடைச் சீட்டு அச்சடிக்கும் முன், அந்த அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.