நாற்பது நாள் யாருக்காக?

தாம்பரத்தில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்ததும் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். "ஹஜ்ரத், வீட்டில் பிரசவமாகி 25 நாள் ஆகிறது. உதிரம் நின்றுவிட்டது. தொழ வேண்டும் என்கிறாள். நாற்பது கழியாமல் தலைக்கு ஊற்றக் கூடாது என்கிறார்கள் உம்மா. யார் பேச்சைக் கேட்பது?" என்றார்.

மஸ்அலா எளிதானதே. நிபாஸ் எனும் பேறுகால உதிரப்போக்குக்குக் குறைந்தபட்ச நாள் கணக்கு இல்லை. அதிகபட்சம் ஹனஃபி மத்ஹபில் 40 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். இது எல்லையேயன்றிக் கட்டாயத் தவணை அல்ல. உதிரம் முற்றிலும் நின்றால் குளித்துத் தொழுவது கடமை. குளிப்பு உடம்புக்குக் கேடு தருமென நம்பத்தக்க மருத்துவர் கூறினால் தயம்மும் இருக்கிறது.

பதில் சொன்ன பின் நாம் ஒன்று கேட்டோம்: "பிள்ளையின் துணிகளைத் துவைப்பது யார்?" அவர் தலை கவிழ்ந்தார். "அவள்தான், ஹஜ்ரத். பத்தாம் நாளிலிருந்து சமையலும் அவள்தான்."

வாசகர்களே, சிந்தியுங்கள்! நம் மூதாட்டிகள் வைத்த நாற்பது வெறும் தடையாக இருக்கவில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம், வெந்நீர்க் குளியல் என்று பெற்றவளைப் படுக்க வைத்து வீடே ஊழியம் செய்த ஏற்பாடு அது. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் சிறு குடித்தனங்களில் அந்த ஊழியம் போய்விட்டது. தடை மட்டும் தங்கிவிட்டது. வாளி தூக்கலாம், ஸஜ்தா செய்யக் கூடாதா?

வேறு சில வழக்கங்களும் திருத்தத்திற்குரியவை. பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கிறார்கள். மர்யம் (அலை) அவர்களுக்குப் பேற்று வேதனையில் அல்லாஹ் அருளியது பேரீச்சங்கனியும் நீரோடையும் அல்லவா? சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிறார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தட்டையும் பாயையும் ஒதுக்குகிறார்கள். ஹிஜ்ரி 10இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வழியில் துல்ஹுலைஃபாவில் பிள்ளை பெற்ற அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒதுக்கவில்லை. குளித்து இஹ்ராம் கட்டப் பணித்தார்கள்.

ஆகவே இரண்டையும் பிரித்தறிவோம். தொழுகைக்கான தடை உதிரத்தோடு முடிகிறது. ஓய்வோ உதிரத்தைப் பொறுத்ததன்று. உடல் தேறும்வரை அவளுக்குரிய ஹக்கு. 2017இல் திருத்தப்பட்ட சட்டம் முதலிரு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. ஆலை முதலாளி தரவேண்டிய ஓய்வைக் கணவன் தர மறுப்பது நியாயமா?

வீட்டு வேலையில் மனைவியருக்கு உதவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். அந்த இளைஞரிடம் இதையே சொன்னோம்: "தொழுகையை அவளிடம் விடுங்கள், வாளியை நீங்கள் எடுங்கள்."

நம் இல்லங்களில் அல்லாஹ் கருணையை நிலைக்கச் செய்வானாக, ஆமீன்.