யார் பக்கத்தில் உட்கார்வது?

ஊரை விட்டுப் போவது கூத்தாநல்லூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வயல் சூழ்ந்த ஊருக்கு ‘சின்னச் சிங்கப்பூர்’ என்று பேர் வந்ததே அந்தப் பயணங்களால்தான். எதற்குப் போகிறாய் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. சம்பாதிக்கப் போனார்கள், வீடு கட்டினார்கள், பெண்மக்களைக் கட்டிக்கொடுத்தார்கள்.

என் ராத்தா (அக்கா) மகன் போக நினைப்பது வேறு காரணத்துக்கு. மாடி அறையில் இருந்தபடியே வெளிநாட்டுக் கடைகளுக்கு விளம்பரப் படம் வரைந்து கொடுக்கிறான். “நெட் இருக்கு மாமா, வேலை வருது, காசும் வருது. நான் போடுற படத்துல எது சொத்தைன்னு சொல்லத்தான் இங்க ஆளில்ல. அதான் சென்னைக்குப் போயிடலாம்னு பாக்குறேன்” என்றான். சம்பாத்தியம் வீடு தேடி வரும்போது எவனாவது வாடகை வீட்டுக்குப் போவானா என்பது ராத்தாவின் கட்சி. நான் பையன் பக்கம்.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மெழுகில் செய்த உருவத்தின்மேல் காவிரி வண்டலைக் குழைத்து மெல்லிசாகப் பூசுகிறார்கள். விரல் நகம், மாலையின் மணி என்று ஒவ்வொரு கீறலிலும் அந்தச் சேறு ஏறிப் பிடித்துக்கொள்கிறது. பிறகு மெழுகை உருக்கி வடித்துவிட்டு, உலோகத்தை ஊற்றுகிறார்கள். இந்த மண்ணுக்காகத்தான் ஸ்தபதிகள் இங்கே தங்கினார்கள் என்று சொல்வதுண்டு. மண் மட்டும் காரணமாக இருந்திருக்காது. இடுப்பு வளைவு போதவில்லை என்று வாசலில் நின்றே சொல்லக்கூடிய கண்கள் அடுத்தடுத்த பட்டறைகளில் இருப்பதும் காரணம் என்றே எனக்குப் படுகிறது.

அரண்மனை ஆதரவால் கலைஞர்கள் தஞ்சாவூரில் குவிந்தார்கள் என்போம். ஆதரவு ஓரிடத்தில் நிலைப்பதில்லை. நடன ஆசான்களான தஞ்சை நால்வரில் வடிவேலு திருவனந்தபுரத்துக்குப் போனார், சின்னையா மைசூருக்குப் போனார். 1855-இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்து, அரசு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் பலர் சென்னைக்குப் பெயர்ந்தார்கள்.

ஆனாலும் தஞ்சாவூரில் கேட்கத் தெரிந்த காது மிச்சமிருந்தது. அதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தவர், திண்டுக்கல்லில் படித்தவர். தஞ்சாவூருக்கு வந்தது பள்ளி ஆசிரியர் வேலைக்கு. பிறகு வேலையை விட்டுச் சித்த மருந்து செய்து விற்றார். கருணாநிதி வைத்தியசாலை பெரும் வியாபாரமானது. அந்தப் பணத்தில் 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டினார். வித்வான்களை வரவழைத்து, சுருதிக் கணக்கைப் பற்றி அவர்களோடு வாதாடினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. ஒரு மருந்து வியாபாரி எழுதிய அந்தப் பெரிய நூல், மறுத்துப் பேச ஆளில்லாத ஊரில் அந்த உருவத்தில் வந்திருக்காது. அதைவிட முக்கியம், வாதாட ஆள் குறைந்தபோது தன் செலவில் அவர்களை வரவழைத்தார். இதற்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் இப்படியே தங்கள் காசில் ஆள் சேர்த்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுச் சேர்த்த காசில் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் கலைஞர் கிராமம். வெறும் மணல்வெளியாகக் கிடந்த இடத்துக்கு ஓவியர்கள் குடிபோனது, அடுத்த வீட்டுக்காரரும் ஓவியர் என்பதால்.

பையனைப் போகச் சொல்லிவிட்டேன். ராத்தாவிடமும் பேசினேன், அவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆள் சேர்க்க இங்கேயும் இடம் இருக்கிறது. எங்கள் தெருவில் மாடி வீடுகள் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அதில் ஒன்றைத் திறந்துவிட்டால், திருவாரூரிலும் மன்னார்குடியிலும் தனித்தனி அறைகளில் படம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் ஒன்றாக உட்காரலாம். வாடகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வீட்டுக்காரருக்கு எழுதியிருக்கிறேன்.