‘வேண்டாமெனில் விடு!’

“புறாவுக்குக் கூலி எவ்வளவு, ஐயா?”

ஒன்பதாம் வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமைக் கடைசி மணி நேரம். பாடப் புத்தகத்திலே இல்லாத கதையொன்றைக் கூறிக்கொண்டிருந்தேன். கதை என்றா சொன்னேன்? தவறு, நடந்த நிகழ்ச்சி அது.

2009ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். தென்னாப்பிரிக்க நாட்டிலே, டர்பன் நகரத்துப் பகுதி. 1860ஆம் ஆண்டு நவம்பரிலே சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல், நம்மவரைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக இறக்கிவிட்டதே, அதே டர்பன்தான். அங்கே ஒரு நிறுவனத்தார், ஹௌவிக் என்ற ஊரிலுள்ள தம் அலுவலகத்திலிருந்து ஹில்கிரஸ்ட் என்ற ஊரிலுள்ள அலுவலகத்துக்கு இணையத்தின் வழியே கோப்புகளை அனுப்பி அனுப்பி அலுத்துப் போயினர். அலுப்பு முற்றி ஒரு போட்டி வைத்தனர். ஒருபுறம், நாட்டின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனமாகிய டெல்காமின் கம்பி. மறுபுறம், பிறந்து பதினொரு மாதமேயான ஒரு புறா, பெயர் வின்ஸ்டன். இருவருக்கும் ஒரே சுமை: 4 கிகாபைட்.

புறா பறந்தது, 1 மணி 8 நிமிடத்திலே வந்து சேர்ந்தது. அது சுமந்து வந்ததைக் கணிப்பொறியிலே ஏற்றி முடித்த நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 2 மணி 7 நிமிடம். அந்த நேரத்திலே கம்பி வழியாக வந்து சேர்ந்தது எவ்வளவு? நூற்றுக்கு 4 பங்கு! நிறுவனம் என்ன சொல்லிற்று? அந்த வாடிக்கையாளரின் வேகக் குறைவுக்குத் தாம் பொறுப்பல்ல என்றது.

சிரிப்பு அடங்கிய பிறகு, பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அவ்வளவு மோசமென்றால், அவர்கள் ஏன் வேறு கடையில் வாங்கவில்லை?”

இந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினர். நான் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். அதைத்தான் இங்கே இறக்கி வைக்கிறேன், தோழர்களே!

வேறு கடை இல்லை, அதுதான் விடை. பெயரளவிலே பல கடைகள் இருந்தன. இணையச் சேவை விற்போர் பலர் இருந்தனர். ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த செப்புக் கம்பி ஒருவருடையது. எந்தக் கடையிலே வாங்கினாலும் சரக்கு அந்த ஒருவரின் கம்பி வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தப் போட்டிக்கு இரண்டு திங்களுக்கு முன்னர்தான், 2009 ஜூலையிலே, ‘சீகாம்’ என்ற புதிய கடலடிக் கம்பி அதே மாநிலத்தின் கடற்கரையிலே கரையேறியிருந்தது. அதற்கு முன்பு மேலைக் கடற்கரையிலே வந்திறங்கிய ‘சாட்-3’ கம்பிக்கு அந்நாட்டு வாயில்காப்போன் டெல்காமே. புதிய கம்பி பெருங்கடலைக் கடந்து வந்துவிட்டது. வந்த வேகம் வீதியைக் கடந்து வீட்டுக்குள் வர இயலவில்லை. புறா வந்தது.

“இதிலே அறம் எங்கே வந்தது? வணிகம் வணிகந்தானே! விருப்பமுள்ளவன் வாங்குகிறான், விருப்பமற்றவன் விடுகிறான். யாராவது கழுத்திலே கத்தி வைத்தார்களா?” என்று கேட்போர் உளர். படித்தவர்கள், பண்பாளர்கள், மேடையிலே உரிமையைப் பற்றி மணிக்கணக்கிலே பேசக்கூடியவர்களுங்கூட இவ்வாறு கேட்கின்றனர். ‘வேண்டாமெனில் விடு!’ என்ற இந்த இரு சொல் வேதத்தைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

சந்தையிலே கத்தரிக்காய் விற்கிறாள் ஒரு கிழவி. விலை அதிகமென்றால் அடுத்த கூடைக்குப் போகிறோம். அங்கே ‘வேண்டாமெனில் விடு’ என்பது நேர்மையான பேச்சு. சொல்கிறவளுக்கும் அச்சமுண்டு, கேட்கிறவனுக்கும் வழியுண்டு. ஆற்றங்கரையிலே நிற்கிறான் ஓடக்காரன். ஒரே ஆறு, ஒரே துறை, ஒரே ஓடம். அக்கரையிலே மருத்துவமனை, அக்கரையிலே பள்ளி, அக்கரையிலே வேலை. அவன் சொல்கிறான்: ‘பத்து மடங்கு கொடு, வேண்டாமெனில் விடு.’ சொல் அதே சொல். பொருள் அதே பொருளா? எதை விடச் சொல்கிறான்? ஓடத்தையா, அக்கரையையா? பயணி பணத்தை எண்ணிக் கொடுக்கிறான், ஒப்புக்கொண்டுதான் கொடுக்கிறான். கையெழுத்துக்கூடப் போடுகிறான். ஆயினும் அதை ஒப்புதல் என்று கூற என் நா எழவில்லை. ‘மாட்டேன்’ என்று சொல்ல இடமிருந்தால்தான் ‘சரி’ என்பதற்கு மதிப்பு. இடமில்லாத இடத்திலே எழும் ‘சரி’, பெருமூச்சுக்கு நாம் வைத்த மறுபெயர்.

இன்று வேலைக்கு மனு, கல்லூரிக்கு மனு, தேர்வின் முடிவு, வங்கிக் கணக்கு எல்லாம் இணையம் என்ற அந்த அக்கரையிலே போய் அமர்ந்துவிட்டன. அரசே அக்கரைக்குக் குடிபெயர்ந்து விட்டது! ஓடம் இனி உல்லாசப் பயணத்துக்கன்று.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நான் எழுதுவது கட்டுரையாகாது, வசையாகிவிடும். அந்த ஒற்றை ஓடத்துக்கு உரிமம் கொடுத்தது கொடுங்கோலனல்லன். நிறவெறி ஆட்சி வீழ்ந்து, 1994ஆம் ஆண்டு மண்டேலா தலைமையிலே அமைந்த மக்களாட்சி கொடுத்தது. வெள்ளையர் வீடுகளிலே தொலைபேசி அன்றாடப் பொருள். கறுப்பர் குடியிருப்புகளிலும் சிற்றூர்களிலும் அது அரும்பொருள். அந்தக் கொடுமையைத் துடைக்க விரும்பினர். அப்போது அத்துறையின் அமைச்சர் ஜே நாயுடு. டர்பனிலே பிறந்தவர், இந்தியக் கூலித் தொழிலாளர் குடிவழி வந்தவர், தொழிற்சங்கப் பேரவையின் முதல் பொதுச் செயலாளராக இருந்தவர். ஏழையின் துயரத்தை ஏட்டிலே படித்து அறிந்தவரல்லர். 1997ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு செய்தனர். டெல்காமின் 30 விழுக்காட்டுப் பங்கை ஓர் அமெரிக்க நிறுவனமும் ஒரு மலேசிய நிறுவனமும் சேர்ந்த கூட்டுக்கு விற்றனர். ஐந்தாண்டுக் காலம், 2002 மே வரை, நிலைக்கம்பித் தொலைபேசியிலே போட்டியே கிடையாது என்று உரிமமளித்தனர். அதற்கு ஈடாக நிறுவனம் 26 இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய இணைப்புகளைப் போட வேண்டும். அவற்றிலே பெரும் பங்கு இதுவரை இல்லாதவர்க்குச் செல்ல வேண்டும்.

நானும் நீங்களும் அந்த அவையிலே அமர்ந்திருந்தால் எதிர்த்துக் கை தூக்கியிருப்போமா? எனக்கு ஐயமே. ‘இல்லாதவனுக்குக் கொடுப்பதற்காக ஒருவன் கையிலே அதிகாரத்தைக் குவிக்கிறோம்’ என்றால் நெஞ்சு இளகத்தானே செய்யும்!

நடந்தது என்ன? இணைப்புகள் போடப்பட்டன, பொய்யில்லை. கூடவே, உள்ளூர்ப் பேச்சுக்கான கட்டணமும் மாதக் கட்டணமும் ஏறின. வெளிநாட்டுப் பேச்சுக் கட்டணம் இறங்கிற்று. வெளிநாட்டுக்குப் பேசுபவன் யார்? உள்ளூரிலே, அடுத்த தெருவிலிருக்கும் தாயிடம் பேசுபவன் யார்? விளைவு, ஏழை வீட்டிலே மணியடித்த தொலைபேசிகள் மிகப் பல, கட்டணம் கட்ட இயலாமல் துண்டிக்கப்பட்டன. சுவரிலே கம்பி இருந்தது. கம்பியிலே குரல் இல்லை. ஏழையின் பெயரால் பெற்ற உரிமம், பெற்றவரிடமே தங்கிவிட்டது. ஐந்தாண்டு முடிந்த பிறகேனும் போட்டியாளர் வந்தாரா? இரண்டாவது நிறுவனம் கடை திறந்தது 2006ஆம் ஆண்டிலே! இடையிலே 2002இல் அறிமுகமான விரைவு இணையத்துக்கு மாதம் 3 கிகாபைட் என்று வேலி கட்டினர். வின்ஸ்டன் சுமந்த மூட்டையைவிடச் சிறியது அந்த மாத அளவு!

நல்ல நோக்கம் இருந்தது. கணக்குக் கேட்கும் ஏற்பாடு வலுவாக இல்லை. இதுவே என் கட்சி. தனி ஒருவரிடம் ஒரு துறையை ஒப்படைப்பது சில வேளைகளிலே தேவையாகலாம். அது அரசாயினும் சரி, முதலாளியாயினும் சரி. ஆனால் ஒப்படைத்த அந்த நொடியிலே அவர் வெறும் வணிகராக இருப்பது முடிந்துபோகிறது. கத்தரிக்காய்க் கிழவி எனக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லை. அடுத்த கூடை எனக்காகக் கணக்குக் கேட்டுக்கொள்ளும். ஓடக்காரன் காட்டியாக வேண்டும். ஏன் இந்த விலை, ஏன் இந்த வேகம், எனக்கு ஏன் இவ்வளவு, அவனுக்கு ஏன் அவ்வளவு என்ற கேள்விகளுக்கு விடை கூறுவது அவனுடைய பெருந்தன்மையன்று, கடமை.

கேட்க வேண்டியவர்கள் ஏன் கேட்பதில்லை? மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல் விலை ஏறினால் செலவைச் சுருக்குகிறோம். ‘நம் நாட்டு வேகம் இவ்வளவுதான்’ என்று பெருமூச்செறிகிறோம். விலை வானத்திலிருந்து பொழிவதில்லையே! ஏதோ ஓர் அறையிலே, மேசையைச் சுற்றி, மனிதர் அமர்ந்து தீர்மானிக்கின்றனர். மனிதர் தீர்மானித்ததை விதியென்று கொள்வது எனக்குப் பழைய பிணியின் புதிய பதிப்பாகவே தோன்றுகிறது. பொறுமையைப் புகழ்வோரையும் பார்க்கிறேன். அவர்களிலே பெரும்பாலோர் வரிசையிலே நிற்பவரல்லர்.

தென்னாப்பிரிக்காவிலே சிலர் கேட்டனர். டெல்காமின் கம்பிகளை வாடகைக்குப் பெற்றுத் தொழில் நடத்திய சிறு நிறுவனங்கள், 2002ஆம் ஆண்டிலே போட்டி ஆணையத்திடம் முறையிட்டன: ‘எங்களுக்கு இன்றியமையாத இணைப்பு வசதிகளைத் தர மறுக்கின்றனர், எங்கள் வாடிக்கையாளரையும் இழுக்கின்றனர்’ என்று. தீர்ப்பு வந்தது, குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டது, 44 கோடியே 90 இலட்சம் ராண்ட் தண்டம். வந்த ஆண்டு 2012! பத்தாண்டுகளிலே ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, ஐந்தாம் வகுப்பு முடித்துவிடும். சிறு நிறுவனம் எத்தனை முறை செத்துப் பிழைக்கும்?

சரி, தண்டப் பணம் எங்கே போயிற்று? சட்டப்படி நாட்டின் பொதுக் கருவூலத்துக்கு. அந்நாளிலே டெல்காமின் பங்குகளிலே ஏறத்தாழ 40 விழுக்காடு யாருடையது? அரசினுடையது! பத்தாண்டு மெதுவான கம்பியின் முன்னே உட்கார்ந்திருந்தவனுக்குக் கிடைத்தது செய்தித்தாளிலே ஒரு தலைப்பு. அரசு தண்டம் வாங்கியது தவறென்று சொல்ல வரவில்லை. இழந்தவன் ஒருவன், ஈடு பெற்றவன் வேறொருவன் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

காலம் ஓடிற்று, மேடை மாறிற்று. செப்புக் கம்பி பின்னுக்குப் போயிற்று. கைப்பேசி முன்னே வந்தது. புதிய பெரியவர்கள் வோடகாமும் எம்.டி.என்னும். இந்த வோடகாமிலே 2009 வரை பாதிப் பங்கு டெல்காமிடமே இருந்தது என்பது சுவையான செய்தி. அதைவிடச் சுவையானது, அதே டெல்காம் இப்போது கைப்பேசிச் சந்தையிலே குறைந்த விலைக்கு விற்கும் இளைய போட்டியாளராகி, ‘இரு பெரியவர்கள் சந்தையை அடைத்துக்கொண்டனர்’ என்று முறையிடும் இடத்துக்கு வந்து சேர்ந்தது! நேற்று ஓடம் வைத்திருந்தவர், இன்று கரையிலே நின்று கூவுகிறார். ஆளைப் பழிப்பதோடு நின்றுவிட்டால் அடுத்த ஓடக்காரனை நாம் அடையாளம் காணமாட்டோம்.

2016ஆம் ஆண்டு, ‘இணைய விலை வீழ வேண்டும்’ என்ற முழக்கம் அந்நாட்டு இளைஞரிடையே எழுந்தது. நாடாளுமன்றக் குழுவின் செவி வரை சென்றது. 2017இல் போட்டி ஆணையம் விசாரணை தொடங்கிற்று. 2019 டிசம்பரிலே முடிவை வெளியிட்டது. விலை அதிகமென்று கண்டது வியப்பல்ல. விலையின் அமைப்பே ஏழைக்கு எதிராக இருக்கிறது என்று கண்டதுதான் நாம் நின்று கவனிக்க வேண்டியது. மொத்தமாக வாங்குபவனுக்கு ஒரு மெகாபைட் மலிவு. சிறு பொட்டலமாக வாங்குபவனுக்கு அதே மெகாபைட் பன்மடங்கு விலை. நம் தெருமுனைக் கடையிலே ஆழாக்கு எண்ணெய் வாங்கும் அன்றாடங்காய்ச்சியின் கதைதான். அங்கேயாவது, அளந்து ஊற்றும் கூலி, பொட்டலம் கட்டும் காகிதம் என்று ஏதோ ஒரு சமாதானம் உண்டு. காற்றிலே வரும் மெகாபைட்டை எந்தக் காகிதத்திலே மடித்தார்கள்?

‘பணமிருப்பவன் மொத்தமாக வாங்குகிறான்; அவனுக்குச் சலுகை. இதிலே வஞ்சகமென்ன?’ என்பர். வஞ்சகம் தேவையில்லை, தோழர்களே! ஒருவரும் ஏழையை வெறுக்கவில்லை. ஏழையிடமிருந்து அதிகம் பெறும் விலைப்பட்டியல் ஒன்று தானே ஓடிக்கொண்டிருக்கிறது. வெறுப்பு இருந்தாலாவது எதிர்த்துப் போரிடலாம். இங்கே முகமே இல்லை. பட்டியல் மட்டும் இருக்கிறது. ஆகையால்தான் பட்டியலைப் படிக்கக் கற்க வேண்டுமென்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அந்தக் கடைசி மணி நேரத்திலே, கரும்பலகையிலே ஒரு கணக்குப் போட்டோம். கேள்வி கேட்ட மாணவியே வந்து போட்டாள்.

2019ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவிலே வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குச் சட்டம் வகுத்த குறைந்த அளவு கூலி மணிக்கு 15 ராண்ட். முப்பது நாள் செல்லுபடியாகும் ஒரு கிகாபைட், வோடகாமிலே 149 ராண்ட். வகுத்தாள்: ஏறத்தாழ 10 மணி நேர உழைப்பு. புறா சுமந்ததிலே கால் பங்குக்குப் பத்து மணி நேரம் துடைத்தல், துவைத்தல், துலக்குதல். ஆணையத்தின் முடிவுக்குப் பின் 2020 ஏப்ரல் முதல் நாள் அந்த விலை 99 ராண்டாகக் குறைந்தது. கூலி மார்ச் முதல் 15 ராண்ட் 57 சென்ட். மறுபடியும் வகுத்தாள்: ஏறத்தாழ 6 மணி 21 நிமிடம். வகுப்பிலே சிலர் கை தட்டினர். கேட்டதற்குப் பலன் கிடைத்ததே என்று எனக்கும் மகிழ்ச்சிதான்.

முதல் வாரத்திலே புறாவின் கூலியைக் கேட்டவன் மீண்டும் எழுந்தான். “2020 ஏப்ரல் என்றால் ஊரடங்கு இல்லையா, ஐயா?”

ஆம். தென்னாப்பிரிக்காவிலே ஊரடங்கு மார்ச் 27ஆம் நாள் தொடங்கிவிட்டது. பள்ளிகள் அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தன. பாடம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. விலை இறங்கிய அன்று அந்தப் பெண்களிலே பெரும்பாலோர் வேலைக்குச் செல்லவே இயலாமல் வீட்டிலே இருந்தனர்.