குறையெது, வழக்கெது?

“பேச்சுக் குறையைத் தீர்க்கும் தொழில் பயில்வோர்க்கு நாவையும் தொண்டையையும் செவியையும் பற்றிய ஞானம் போதாதா? இன நீதியைப் பற்றிய பாடம் எதற்கு?” என்று அமெரிக்காவில் கேட்போர் உளர். கேள்வி நியாயமானது போலவே தோன்றும். சற்று ஆராய்வோம்.

அந்நாட்டில் பேச்சுச் சிகிச்சையாளராக விரும்புவோர் சர்வகலாசாலையில் முதுநிலைப் பட்டம் பெற வேண்டும். அத்தொழிலில் உள்ளோரில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளையர். அவர்கள் முன் வரும் குழந்தைகளோ பல இனத்தார். கறுப்பினக் குழந்தையொன்று ‘ஹி ஒர்க்கிங்’ என்று சொன்னால், ‘இஸ்’ என்னும் சொல் விடுபட்டதெனப் பிழை குறிப்போர் உண்டு. ஆனால் அஃது அக்குழந்தையின் வீட்டு வழக்கு. அவ்வழக்கிற்கும் இலக்கணம் உண்டு. ‘ஹி ஒர்க்கிங்’ என்றால் இப்பொழுது வேலை செய்கிறான். ‘ஹி பி ஒர்க்கிங்’ என்றால் வழக்கமாக வேலை செய்கிறான். ‘அவன் என் தம்பி’ என்று நாம் சொல்லும்போதும் ‘இஸ்’ என்பதற்கு நேரான சொல் இல்லை. அதனால் தமிழர் யாவரும் பேச்சுக் குறையுடையோர் ஆவரோ?

1979-ஆம் ஆண்டில், மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பர் நகரக் கறுப்பினச் சிறுவர் சார்பில் நடந்த வழக்கில், அவர்களுடைய வீட்டு மொழியை ஆசிரியர் அறிந்து வாசிப்புக் கற்பிக்க வழிசெய்ய வேண்டுமென்று நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். 1983-இல் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கமும் ஆங்கிலத்தின் எந்தக் கிளைவழக்கும் குறைபாடன்று என அறிவித்தது.

அறிவித்தால் போதுமா? அளவுகோலைச் செய்தவன் தன் வீட்டுப் பேச்சையே முழமாகக் கொண்டால், எல்லோரையும் அவ்வொரு கோலால் அளப்பது சமநீதியாகாது. நல்லெண்ணத்தோடு அளந்தாலும், குறையற்ற குழந்தை குறையுடையது என்னும் பெயரைச் சுமக்கும். எதிர்ப்புறத் தவறும் உண்டு. “இவர்கள் பேச்சே இப்படித்தான்” என்று கைகழுவினால், மெய்யாகவே குறையுள்ள குழந்தை சிகிச்சையின்றி வாடும். இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதே அப்பாடம். ஆதலின் அது தொழிற்கல்வியிலேயே அடங்கும்.

அமெரிக்கரைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற செருக்கோடு கிராணி நாற்காலியில் அமர்ந்து, பெரட்டுக் களத்தில் தொழிலாளி பேசியதைக் கேட்டு, “இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை” என்று நாம் எண்ணியதுண்டு. அவரோ தம் மனைவியின் பேர்விட்டுப் போனதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். கேட்கத் தெரியாதவர் நாமே. அன்று அப்பெண்ணின் ஒருநாட் கூலி போயிற்று.

அன்பர்களே, ஒருவர் பேச்சைக் குறையென்று எழுதுமுன், அவர் வீட்டார் எவ்வாறு பேசுகின்றனர் என்று கேட்டறிவோமாக.