38-க்குக் கீழே

எட்டாம் மாதத்தில் எனக்கு விடாத தலைவலி. கண் முன்னால் பூச்சி பறந்தது. சொன்னேன். “முதல் பிள்ளைன்னா அப்படித்தாம்மா, தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்றார் நர்ஸ். இரண்டு நாள் கழித்து பிரஷர் 170/110. பிரீ-எக்லாம்ப்சியா என்றார்கள், அன்றிரவே ஆபரேஷன். மகளும் நானும் பிழைத்தோம். நான் சொன்னது அந்த இரண்டு நாளும் ஏன் வெறும் புலம்பலாகவே கேட்டது என்ற கேள்வி பதினேழு வருடமாக என்னிடம் இருக்கிறது.

இந்த வருடம் அக்கா மகளுக்கு 33-ஆம் வாரத்தில் முகம் வீங்கியது. டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். நச்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் போகாதபோது எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதம் தாயின் ரத்தத்தில் கூடுகிறது. ரத்தக் குழாய்களைப் பேணும் பிஎல்ஜிஎஃப் குறைகிறது. 2003-இல் பாஸ்டனில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சியின் குழு, கர்ப்பமான எலிகளில் முதல் புரதத்தை அதிகமாக்கியது. அவற்றுக்கும் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, சிரிக்காதீர்கள். என் தலைவலிக்கு ரத்தத்தில் சாட்சி இருந்திருக்கிறது.

இரண்டின் விகிதம் 38-ஐத் தாண்டாவிட்டால் அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்று சொல்லலாம். 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் இந்தக் கணிப்பு 99.3 சதவீதம் சரியாக இருந்தது. தாண்டியவர்களிலோ, நான்கு வாரத்துக்குள் நோய் வந்தது நூற்றுக்கு சுமார் 37 பேருக்குத்தான். மற்றவர்கள் பயத்தோடு காத்திருந்திருப்பார்கள்.

அவளுக்கு 26. வீடே மூச்சுவிட்டது. பத்தாம் நாள் இரவு, “சித்தி, தலை பிளக்குது” என்று போன் செய்தாள். பின்னாலிருந்து மாமியார் குரல்: “ரிப்போர்ட்தான் நல்லா வந்திருக்கேம்மா!”

அந்த எண்ணின் ஒரு வாரம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று எனக்குச் சாட்சி இல்லை; இன்று இவளுக்கு எதிராகவே ஒரு சாட்சி.

பெண் சொல்வதே முடிவான உண்மை என்று நான் வாதாடவில்லை. ஒரு தொந்தரவும் தெரியாமலே பிரஷர் ஏறுவதும் உண்டு. அவள் வாய் திறந்தால் அங்கிருந்து பரிசோதனை தொடங்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. பழைய தாளைக் காட்டி வாயை அடைக்க யாருக்கு உரிமை?

ஆட்டோ பிடித்துப் போனோம். பிரஷர் 124/80, சிறுநீரும் சரி. வெறும் தலைவலிதான். “நான்தான் சொன்னேனே” என்றார் மாமியார். மறுபடி வலித்தால் மறுபடி வருவோம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம்.