வலியறிதல்

முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே, முன்கையின் உட்புறத்தில், அழுத்தினால் ஒரு கடுப்பு. நீண்ட ஒத்திகைக்குப் பிறகு அது மணிக்கட்டுவரை இறங்கும். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பாடகரை விட்டுவிட்டு பேஸ் கிதாரின் பின்னால் போன காது எனக்கு. அந்த மோகத்தில் பிற்பாடு கருவியை வாங்கி, ஏறத்தாழ ஒரு வருஷம் இந்தக் கடுப்போடு வாசித்தேன். சகித்துக்கொண்டு வாசித்தேன் என்று சொன்னால் பொய். உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. உழைக்கிறவனின் கை வலிக்கத்தானே வேண்டும்? இந்தத் திருப்தி எங்கிருந்து வந்தது, அதற்கு நியாயம் உண்டா என்பதே இங்கு என் கேள்வி. வைத்தியம் பற்றி எழுத நான் அதிகாரியல்ல.

ஆனால் ஸ்தூலமான விஷயத்தைத் தாண்டிக்கொண்டு தத்துவத்துக்குப் போக முடியாது. விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டின் குறுகலான பாதை வழியாக வந்து விரலை இழுக்கின்றன. மணிக்கட்டு மடிந்திருந்தால் அவை அந்தப் பாதையின் சுவரில் உராயும். முன்கையைக் கருவியின் விளிம்பில் முழுபாரமாகச் சாய்த்து, கட்டைவிரலை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு, தந்தியைக் கொத்திக் கொத்தி இழுத்தால் மணிக்கட்டு மடிந்தே தீரும். நான் செய்ததெல்லாம் இதுதான். சிரத்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததன் பௌதிக வடிவம் இந்த உராய்வு.

இவ்வளவு பலம் எதற்கு? ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ஆளுயர டபுள் பேஸை நிறுத்திவைத்துக்கொண்டு, ஊதுகுழல்களின் ஆரவாரத்துக்கு நடுவே கேட்கும்படி வாசித்தவன் விரலின் பக்கவாட்டுச் சதையால் தந்தியை வலித்து இழுக்கத்தான் வேண்டும். 1951-இல் லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, சத்தம் உண்டாக்கும் பொறுப்பு விரலிடமிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விட்டது. ஃபெண்டர் கிதார் வாசிக்கத் தெரியாதவர். விரல்கள் பற்றிக்கொள்ள, கட்டைவிரல் சுண்டட்டும் என்று தந்திகளுக்குக் கீழே ஒரு சின்னப் பிடி வைத்திருந்தார். வாசித்தவர்களில் பலர் அந்தப் பிடியைச் சீந்தவில்லை. டபுள் பேஸில் பழகிய விரலோடு வந்தார்கள். காரணம் போய்விட்டது, பலம் மட்டும் தங்கிவிட்டது. நம் அறநெறிகளில் எத்தனை இப்படித் தங்கிப்போனவை என்று யாராவது கணக்கெடுக்கலாம்.

அந்தப் பலத்தால் நாதமாவது கூடுகிறதா என்றால் அதுவும் இல்லை. தந்தியை அளவுக்குமேல் இழுத்தால் அது பிரெட்டுகளில் மோதிச் சடசடக்கிறது. ஸ்வரம் முதல் கணத்தில் சற்று மேலேறிப் பிறகு தன் இடத்துக்கு வருகிறது. மெல்லத் தொட்டு ஆம்ப்ளிஃபையரைக் கூட்டினால் அடிநாதம் முழுசாக வருகிறது. காரி வில்லிஸ் என்ற அமெரிக்க பேஸ் வாத்தியக்காரர் தந்திகளுக்கு அடியில் ஒரு மரத்துண்டையே பொருத்திக்கொண்டார் — விரல் ஆழ இறங்க இடமே இருக்கக் கூடாது என்று. தன் விரலின் ஆவேசத்தின்மேல் அவருக்கு இருந்த அவநம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் சௌகரியம். குறுக்கே வருகிறார் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்டின் மோடவுன் ஸ்டூடியோவில் அறுபதுகளில் எத்தனையோ பாடல்களுக்குக் கீழே ஓடுவது அவர் விரல். பல வருஷங்கள் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயரே கிடையாது. 1971-இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உறையில்தான் அது முறையாக அச்சாயிற்று. வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அந்த விரலுக்குக் கொக்கி என்று பெயர். தடித்த தந்திகள், அறுந்தாலொழிய மாற்றுவதில்லை. மரத்திலிருந்து தந்தி வெகு உயரத்தில் நிற்கும். மெல்லத் தொடு என்கிற உபதேசத்துக்கு முற்றிலும் விரோதமான ஏற்பாடு. ஆனால் அந்த நாதம் வேறு யாருக்கும் வரவில்லை.

அவரைப் பின்பற்றுகிறவர்கள் தந்தியின் தடிமனையும் உயரத்தையும் பின்பற்றிக் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டபுள் பேஸில் வளர்ந்த கை அவருடையது. எனக்கு எதிர்ப்பாக இருந்த தந்தி அவருக்குச் சமதரை. ஒரே பலம் ஒரு கையில் இயல்பு, இன்னொரு கையில் பாசாங்கு. வெளியிலிருந்து பார்த்து எது எதுவென்று சொல்லிவிட முடியாது என்பதுதான் இதில் சங்கடம்.

வலியைச் சாட்சிக்கு அழைத்தால் அது தெளிவாகப் பேசுவதில்லை. ஆரம்ப நாட்களில் விரல்நுனி கொப்புளித்து, பிறகு காய்த்துப்போகிறது. இந்த வலிக்கு முடிவு உண்டு, தோல் கற்றுக்கொள்கிறது. நாணின் வலி அப்படியல்ல. அது எதையும் கற்பதில்லை, சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் வலி என்றே சொல்கிறோம். போதாதற்கு, பழந்தமிழில் வலி என்றால் பலம். குறளில் வலியறிதல் அதிகாரம் வலிமையை எடைபோடுவது பற்றியது. அங்கே மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சும் முறிந்துபோகிறது. கனமே இல்லாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து கையை இழந்தவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

வலிக்காமலும் கை போகலாம். பியானோ மேதை லியோன் ஃப்ளைஷருக்கு 1964-இல், முப்பத்தாறு வயதில், வலக்கையின் கடைசி இரண்டு விரல்கள் உள்ளே சுருண்டுகொண்டன. கோளாறு தசையிலல்ல, விரல்களை மூளை ஆள்கிற விதத்தில். இடதுகைக்கென்று எழுதப்பட்டவற்றை வாசித்தும், கற்பித்தும், இசைக்குழுக்களை நடத்தியும் ஏறத்தாழ முப்பது வருஷம் கழிந்த பிறகே இரு கைகளாலும் மறுபடி நிலையாக மேடையேறினார். வலி வந்து எச்சரிக்கும் என்று காத்திருப்பவனுக்கும் உத்தரவாதம் இல்லை.

இதையெல்லாம் எழுத்தாளர்கள் படிக்கிற பத்திரிகையில் எழுதுவானேன் என்றால், நாம்தான் இந்த மயக்கத்தின் பழைய குடிகள். கவிஞன் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுக் கவிதையின் மதிப்பைக் கூட்டுகிறோம். சுலபமாக வந்த வரியைச் சந்தேகிக்கிறோம். பிரசவம் என்ற உவமை நம் முன்னுரைகளில் எத்தனை முறை வருகிறது! பட்ட வலி பாட்டில் இருக்கிறதா, பாடுகிறவனின் முன்கையில் மட்டும் இருக்கிறதா என்று யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை.

ஏழு மாதம் கருவியைத் தொடவில்லை. இப்போது இருபது நிமிஷம் வாசிக்கிறேன், பிறகு நிறுத்திவிடுகிறேன். மணிக்கட்டு நேராக இருக்கிறது. கட்டைவிரல் ஊன்றி நிற்காமல் மற்ற விரல்களோடு தந்தி தந்தியாக நகர்கிறது. ஆம்ப்ளிஃபையரின் குமிழ் முன்னைவிட வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. நாதம் நன்றாக இருப்பதாகக் கேட்டவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. நேற்று வாசித்து முடித்ததும் இடது கையால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினேன்.